கூடாரத்துக்கு மேலே ஒரு மீன் முள்: யாகியும் உடாவும்

கோடை விடுமுறைக்கு முன்னாடி நண்பர் ஒருத்தர் தனிமடலில் கேட்டிருந்தார். "மலைப்பக்கம் கூடாரம் போட்டு நாலு நாள் தங்கப் போறோம். அங்கே செல்போன்ல ஒரு கோடுதான் வருதாம், அதுவும் வந்து வந்து போகுதாம். இன்டர்நெட் ஒழுங்கா கிடைக்க ஏதாவது வழி இருக்கா?" நான் படிப்பது மின்னணுத் தொடர்பியல் என்பதால் இந்த மாதிரி கேள்வி அடிக்கடி வரும். மூணே வரியில் பதில் போட்டேன்: உயரமான இடமாப் பாருங்க, டவர் எந்தத் திசைன்னு பாருங்க, ஒரு யாகி ஆன்டெனா வாங்குங்க. உடனே அடுத்த மடல்: "யாகின்னா என்ன? கம்பெனி பேரா?"

சிரிப்பு வந்துச்சு. ஏன்னா இதே கேள்வியை 1942ல் சிங்கப்பூரில் ஜப்பானிய ராணுவம் ஒரு பிரிட்டிஷ் போர்க்கைதியிடம் கேட்டிருக்கு. அந்தக் கதையை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் இப்போ இருக்கிற செண்டாய் ஊரில்தான் அந்த ஆன்டெனா பிறந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் பொருள் என்னன்னு பார்த்துடலாம். நம்ம ஊர் மொட்டை மாடியில் கேபிள் வருவதற்கு முன்னாடி நின்ற டிவி ஆன்டெனா ஞாபகம் இருக்கா? ஒரு நீளமான தண்டு, அதுக்குக் குறுக்கே வரிசையா அலுமினியக் குச்சிகள், பார்க்க மீன் முள் மாதிரி. அதுதான் யாகி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இதை ரொம்ப உயரமான கம்பத்தில் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த தலைமுறை ஒண்ணு இருக்கு. 1982ல் தொடங்கிய அந்த ஒளிபரப்பு இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையிலிருந்து வந்தது. இங்கே ஒருத்தர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருத்தர் "ஆங்... இப்ப தெரியுது... அய்யோ போச்சு, பழையபடி திருப்பு"ன்னு கத்த, ஒரு குடும்பமே சேர்ந்து வானொலி இயற்பியல் பண்ணிக்கிட்டிருந்தது :-)

அந்தக் குச்சிகளில் வயரோடு இணைக்கப்பட்டிருப்பது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் சும்மா நிற்கும் உலோகக் குச்சிகள். ஆனா சும்மா நிற்பதாகத் தோன்றினாலும் அவை வேலை செய்கின்றன. அலை வந்து மோதும்போது அவற்றிலும் மின்னோட்டம் தூண்டப்படும், அதனால் அவையும் அலையைத் திரும்ப வெளியே விடும். குச்சியின் நீளம் அலைநீளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பும். கொஞ்சம் குறைவாக இருந்தால் அலையைத் தன் பக்கமாக இழுத்து முன்னே அனுப்பும். பின்னால் ஒரு நீளமான குச்சி, முன்னால் பல குட்டைக் குச்சிகள் என்று சரியான இடைவெளியில் வைத்தால், எல்லாத் திசையிலும் சிதறியிருக்க வேண்டிய அலை ஒரே திசையில் குவிகிறது. டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் செய்கிற வேலைதான். பேட்டரி கூடவில்லை, வெளிச்சம் மட்டும் ஒரு பக்கமாகப் போகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

யாகி ஹிதெட்சுகு 1886ல் ஒசாகாவில் பிறந்தவர். ஜப்பானிய எழுத்தில் அவர் குடும்பப் பெயரை "எட்டு", "மரம்" என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். டோக்கியோவில் படித்துவிட்டு 1913ல் வெளிநாடு போனார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் பார்க்ஹவுசனிடம் இருந்தபோது முதல் உலகப்போர் வெடித்தது. அங்கிருந்து லண்டனில் ஃபிளெமிங்கிடம், பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டின் பியர்ஸிடம். வானொலித் துறையின் மூன்று பெரிய ஆட்களிடம் பாடம் கற்று 1916ல் திரும்பி வந்து, 1919ல் செண்டாயில் தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

செண்டாய் அன்றைக்கு தலைநகரத்திலிருந்து தள்ளி இருந்த வடக்கத்திய ஊர். அரசாங்கப் பணம் பெரிதாக வராது. கைகொடுத்தது உள்ளூர்க்காரர்கள்தான். சைட்டோ என்ற நிலக்கிழார் குடும்பம் அமைத்த அறக்கட்டளை மின்தொடர்பு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. அந்தக் காலத்தில் மார்க்கோனியில் ஆரம்பித்து எல்லாரும் நீண்ட அலைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் அலைநீளம், கோபுரம் கோபுரமாக ஆன்டெனா. யாகி எதிர்ப்பக்கம் போனார். சில மீட்டர் அலைநீளம், மேசை மேல் வைக்கக்கூடிய கருவிகள். அவருடைய ஆய்வகத்திலேயே ஒகாபே கின்ஜிரோ 1927ல் பிளவு ஆனோடு மேக்னெட்ரானை உருவாக்கி இன்னும் குட்டையான அலைகளைப் பிறப்பித்தார்.

உடா ஷின்டாரோ இங்கேதான் வருகிறார். (பேர்தான் உடா, விஷயம் உடான்ஸ் இல்லைங்க.) 1896ல் டோயாமா மாகாணத்தில் பிறந்து, 1924ல் தோஹோகுவில் பட்டம் வாங்கி, யாகியின் ஆய்வகத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தவர். யாகி சொன்ன திசையில் இறங்கி, குச்சியை எவ்வளவு நீளம் வைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எத்தனை குச்சி வைத்தால் எவ்வளவு கூர்மையாகக் குவிகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். அவர் பயன்படுத்திய அலையின் நீளம் 4.4 மீட்டர், அதாவது ஒவ்வொரு குச்சியும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். இன்றைக்கு மாதிரி கணினியில் போட்டுப் பார்க்க முடியாது. ஒரு குச்சியை நகர்த்து, தள்ளிப்போய் அளவு எடு, குறித்துக்கொள், திரும்பி வந்து மறுபடி நகர்த்து. இதுதான் ஆராய்ச்சி. இதையெல்லாம் 1926 முதல் 1929 வரை ஜப்பானிய மொழியில் 11 கட்டுரைகளாக எழுதினார். அந்தத் தொடரில் இருந்தது உடாவின் பெயர் மட்டுமே.

அப்போ பெயர் எப்படி யாகிக்கு மட்டும் போச்சு?

இதில் வில்லன் யாரும் இல்லை. 1926 தொடக்கத்தில் ஜப்பானிய அகாடமிக்குக் கொடுத்த ஆங்கிலக் குறிப்பில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆனால் 1925 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமை யாகி பெயரில் மட்டும். 1928ல் யாகி அமெரிக்கா போய் உரை நிகழ்த்தினார். அந்த ஆண்டு ஜூனில் வானொலிப் பொறியாளர்கள் கழகத்தின் இதழில் அவருடைய ஆங்கிலக் கட்டுரை வந்தது. கட்டுரைக்குள் உடாவின் வேலையைத் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார் யாகி. ஆனால் ஆசிரியர் பெயர் ஒன்றுதான். ஜப்பானிய மொழியில் இருந்த 11 கட்டுரைகளை மேற்கில் யார் படிக்கப் போகிறார்கள்? ஆங்கிலத்தில் படித்தவர்கள் "யாகி ஆன்டெனா" என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அமெரிக்கக் காப்புரிமை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குப் போய் 1932ல் பதிவானது. பிரிட்டனில் மார்க்கோனி நிறுவனத்துக்குப் போனது.

எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது பெயர் யாருக்குப் போகும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஆய்வேட்டு வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

மேற்கில் கட்டுரை வந்தவுடனேயே பாராட்டு கிடைத்தது. சொந்த நாட்டில் கண்டுகொள்ள ஆளில்லை. குட்டை அலைகள் மலையைத் தாண்டாது, பூமியின் வளைவைத் தாண்டாது, அப்புறம் எதுக்கு என்பது பொதுவான எண்ணம். ஆனால் பார்வை படுகிற தூரத்துக்குள் அது எவ்வளவு உபயோகம் என்பதை உடா செய்து காட்டினார். 1930களின் தொடக்கத்தில் சகாட்டா துறைமுகத்துக்கும் ஜப்பான் கடலில் இருக்கும் தோபிஷிமா என்ற சின்னத் தீவுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்கு வானொலித் தொலைபேசி ஓடியது. கடலுக்கடியில் கேபிள் போடாமல், சில குச்சிகளைத் திசை பார்த்து நட்டே ஒரு தீவை நிலத்தோடு பேச வைத்தார்கள். ஒதுக்குப்புறத்தில் இருப்பவனுக்குத் தொடர்பு வேணும்னா பெரிய கோபுரம் தேவையில்லை, சரியான திசை தெரிந்தால் போதும் என்பது அன்றைக்கே நிரூபணமான விஷயம்.

இப்போ சிங்கப்பூருக்கு வருவோம்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன கருவிகளைத் துழாவியபோது, தேடுவிளக்கை விமானத்தின் பக்கம் திருப்பும் ராடார் கருவிகளும், நியூமன் என்ற ராடார் தொழில்நுட்பர் கைப்பட எழுதிய ஒரு குறிப்பேடும் கிடைத்தன. ஜப்பானியப் பொறியாளர்கள் உட்கார்ந்து படித்தார்கள். எல்லாம் புரிந்தது, ஒரு சொல்லைத் தவிர. பக்கத்துக்குப் பக்கம் "யாகி" என்று வருகிறது. யாகியா, யாஜியா என்று உச்சரிப்பிலேயே சந்தேகம். அகராதியிலும் இல்லை. ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்தார்கள். கடைசியில் கைதியாக இருந்த நியூமனிடமே கேட்டார்கள். அவருக்கு ஆச்சரியம். நிஜமாவே தெரியாதா, இந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் ஆச்சே என்றாராம். கேட்டவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

பிரிட்டன் அந்த ஆன்டெனாவை விமானத்திலும் ஏற்றி, கடலில் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடிக்கொண்டிருந்தது. ஜப்பான் ராணுவத் தலைமைக்கோ ராடார் மேலேயே பெரிய நம்பிக்கை இல்லை. அலையை வெளியே விட்டால் நாம இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். கண்டுபிடித்த ஊரில் ஒரு பொருளுக்கு மதிப்பில்லாமல், எதிரியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அதைத் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 6ல் ஹிரோஷிமா மேலும், 9ல் நாகசாகி மேலும் போடப்பட்ட குண்டுகள் தரையில் விழுந்து வெடிக்கவில்லை. சேதம் அதிகமாக வேண்டும் என்பதற்காக முதலாவது சுமார் 580 மீட்டர் உயரத்திலும், இரண்டாவது சுமார் 500 மீட்டர் உயரத்திலும் வெடிக்க வைக்கப்பட்டன. அந்த உயரத்தை அளந்தது குண்டுக்குள் இருந்த சின்ன ராடார். அதன் ஆன்டெனாக்கள் குண்டின் உடம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை யாகி ஆன்டெனாக்கள்.

இதைப் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாகத்தான் போடுவார்கள். அந்த ஒரு வரியைத் தாண்டி எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. ஒரு தீவுக்குத் தொலைபேசி கொடுத்த அதே குச்சிகள். கண்டுபிடித்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் கட்டுரையைத் திறந்த இதழில் எழுதினார், உலகமே படித்தது. யாகியோ போரின் கடைசிக் கட்டத்தில் ஜப்பான் அரசின் தொழில்நுட்ப வாரியத்துக்குத் தலைவராக இருந்தார். எய்பவன் சாகாமலேயே குறி தப்பாத ஆயுதத்தைக் கொடுப்பதுதான் தொழில்நுட்பத்தின் கடமை, அதைச் செய்ய முடியாததால்தான் இளைஞர்கள் தற்கொலைத் தாக்குதலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று 1945 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். அந்த நேரத்தில் அதைச் சொல்ல தைரியம் வேணும். ஆனால் அவரும் அந்தப் போர் இயந்திரத்துக்குள்தான் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

போர் முடிந்தபின் அதே ஆன்டெனா வீட்டுக் கூரைக்கு வந்தது. 1952ல் யாகி தன் பெயரிலேயே ஆன்டெனா நிறுவனம் தொடங்கினார் (ஆக, "கம்பெனி பேரா?" என்று நண்பர் கேட்டதும் முழுத் தப்பில்லை). 1953ல் ஜப்பானில் தொலைக்காட்சி வந்ததும் கூரைகள் எல்லாம் மீன் முள். இன்றைக்கு டிஜிட்டல் ஆகிவிட்ட பிறகும் இங்கே பல வீடுகளின் மேல் அது நிற்கிறது.

உடா? அவர் முஷியாகே என்பவரோடு சேர்ந்து 1954ல் "யாகி-உடா ஆன்டெனா" என்ற தலைப்பில் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். பேராசிரியரின் பெயரை முதலில் வைத்து, தன் பெயரை ஒரு சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த கலகம்.

இதற்கு அப்புறம் ஒரு விஷயம் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1950களின் பிற்பகுதியில் உடா சில ஆண்டுகள் இந்தியாவில் இருந்திருக்கிறார், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அப்போது அந்த ஆய்வகத்தின் இயக்குநர் யார் தெரியுமா? நம்ம கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்புக்காரர். 1928ல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் சோதனைகளைச் செய்தவர். நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் உண்டு. விளைவுக்கு வைத்த பெயர் ராமன் விளைவு. 1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். ஒரே காலகட்டத்தில், ஒருத்தர் செண்டாயில், இன்னொருத்தர் கல்கத்தாவில், இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அனுபவம். முப்பது வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில். எதைப் பேசிக்கொண்டார்களோ! அலைகளைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, கூடாரத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து என்ன உபயோகம்? நிறைய இருக்கு.

ஒண்ணு, உடா கண்ட அதே விஷயம்: திசை முக்கியம். யாகியை எங்கேயோ பார்க்க வைத்தால் இல்லாததைவிட மோசம். செல்போனில் தெரிகிற கோடுகளை நம்பாதீங்க. அமைப்புகளுக்குள் போனால் சிக்னல் அளவு மைனஸ் 110, மைனஸ் 95 என்று எண்ணாகத் தெரியும் (மைனஸ் எண் சின்னதாக ஆக நல்லது). ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்ச நேரம் பொறுத்து, எண்ணைப் பார்த்து, மறுபடி திருப்புங்க. ரூபவாஹினி டெக்னிக்தான், கத்துவதற்கு ஆள் வேண்டாம்.

இரண்டு, அலைநீளம் சுருங்கிவிட்டது. 4.4 மீட்டர் அலைக்கு இரண்டு மீட்டர் குச்சி வேண்டியிருந்தது. 800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் பாதி நீளம் 19 சென்டிமீட்டர்தான். முதுகுப்பையில் அடங்கும். நல்ல யாகி ஒன்று 10 டெசிபல் கொடுக்கும், அதாவது பத்து மடங்கு. ஆனால் மெல்லிய வயர் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும். பத்து மீட்டர் வயர் போட்டால் ஆன்டெனா கொடுத்த அத்தனையும் வயரிலேயே போச்சு. ரூட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, அங்கிருந்து வைஃபையில் கூடாரத்துக்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

மூணு, சாதாரண செல்போனில் ஆன்டெனா செருக இடமே இருக்காது. செருகு வாய் உள்ள மொபைல் ரூட்டர் வேணும், அதுக்கு அனுமதிக்கப்பட்ட ஆன்டெனாவாகவும் இருக்கணும். 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா, ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து வைத்தால்தான் முழு வேகம். கடையில் யாகி என்று சொல்லி விற்பதில் பாதி யாகியே இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு வகை அது. பார்க்க மீன் முள் மாதிரியேதான் இருக்கும், ஆனால் எல்லாக் குச்சிகளும் இணைக்கப்பட்டிருக்கும். பல அலைவரிசைகளுக்கு ஒத்துவரும் என்பதால் செல்போனுக்கு அது பெரும்பாலும் நல்லதுதான்.

நாலு, பூஸ்டர் வாங்காதீங்க. அனுமதி இல்லாமல் வைப்பது ஜப்பானிலும் சரி, இந்தியாவிலும் சரி, சட்டவிரோதம். நம்ம கூடாரத்துக்குச் சிக்னல் கூட்டப்போய் அந்த வட்டாரத்துக்கே தொல்லை கொடுக்கும். சிக்னலே துளியும் இல்லாத இடத்தில் யாகியும் ஒன்றும் செய்யாது, பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அந்த மாதிரி இடத்துக்கு இப்போது செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் செல்போன்கள் வந்துவிட்டன. 2022ல் வந்த ஐஃபோன் 14ல் அவசரச் செய்தி அனுப்பணும்னா, போனை இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு என்று திரையே வழி சொல்லும். நூறு வருஷம் ஆகியும் திருப்புகிற வேலை போகவில்லை.

யாகியும் உடாவும் ஒரே வருஷம், 1976ல், ஜனவரியில் ஒருத்தர், ஆகஸ்டில் ஒருத்தராகப் போய்ச் சேர்ந்தார்கள். 1995ல் உலக மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நினைவுப் பலகை கொடுத்தது. அதில் பேராசிரியர் யாகி, அவருடைய உதவியாளர் உடா என்று இரண்டு பெயரும் இருக்கிறது. உதவியாளர் என்ற சொல் கொஞ்சம் உறுத்தினாலும், பெயர் இருக்கிறதே, அது போதும். அடுத்த தடவை யாராவது யாகி என்று சொன்னால், நீங்க "யாகி-உடா"ன்னு சேர்த்துச் சொல்லுங்க. செலவில்லாத காரியம்.

பி.கு: ரூபவாஹினிக்குக் கம்பம் நட்ட அனுபவம் உள்ளவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க. எத்தனை அடிக் கம்பம், எந்த ஊர், எந்த நேரத்தில் படம் நல்லாத் தெரிஞ்சதுன்னு எழுதினா இன்னும் சந்தோஷம். அதை வைத்து அடுத்த பதிவு போடலாம்.